மிக்ஸிக்கு வச்ச பொட்டு

மிக்ஸிக்கு மூச்சு முட்டுச்சு. அடியில இருக்குற காத்து ஓட்டையெல்லாம் சட்னி வழிஞ்சு, காஞ்சு, அடைச்சுக் கெடந்துச்சு.

"உள்ள கொதிக்குதுக்கா"ன்னு பக்கத்துல இருந்த கிரைண்டர்கிட்ட அழுதுச்சு.

"பொறுத்துக்கடி. நாளைக்கு ஆயுத பூஜை. பூங்கொடி நம்மள எப்படித் தொடைப்பான்னு நீயே பாரு!"ன்னு கிரைண்டர் தைரியம் சொல்லுச்சு.

பூங்கொடி தொடைச்சா, நெசமாவே தொடைச்சா. மேலெல்லாம் பளபளன்னு ஆக்கி, ரெண்டுக்கும் சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டிக் கும்பிட்டா. கவுத்துப் பாக்கத்தான் தோணல.

மறுநாள் தேங்கா சட்னி அரைக்கும்போதே குப்புன்னு பொகை. மிக்ஸி அப்படியே நின்னுருச்சு.

"நேத்துதானேடி உனக்குப் பொட்டு வச்சேன்!"ன்னு பூங்கொடி கண்கலங்கிட்டா.

அந்த எடத்துக்குப் புது மிக்ஸி வந்துச்சு. "அக்கா, இங்க நம்மள நல்லாப் பாத்துப்பாங்களா?"

கிரைண்டர் நெத்தியில அந்தப் பொட்டு இன்னும் அழியல.

"ரொம்பப் பாசக்காரிடி"ன்னுச்சு.