ஒரு கோடு ஓட்டிப் பாருங்க

"ஒரு கோடு ஓட்டிப் பாருங்கம்மா. கையில பிடிச்சாத்தானே மெஷின் எப்படின்னு தெரியும்!"

கடைக்காரர் சொல்லி வாய் மூடவில்லை, ஸ்கேல் அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தாள். வலது கையைக் கைப்பைக்குள் விட்டு, இல்லாத சாவியைத் தேட ஆரம்பித்தாள்.

பஞ்சுப் போர்வையில் அக்கா ஓட்டும் தையல் அவ்வளவு நேர். அதனால்தான் அந்தப் பெயர். ஒரு கொத்தனார் தூக்குக்குண்டைத் தொலைத்துவிட்டு, அக்கா தைத்த போர்வையைத் தொங்கவிட்டே ஒரு மாடி வீட்டை எழுப்பினார். சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள், வீடு இன்னும் நிற்கிறது.

அந்தக் கைதான் மூன்று மாதமாக நடுங்குகிறது. யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். 'நீங்க ஓய்வெடுங்கக்கா.'

கணவர் போன பிறகு, கொழுந்தன் வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் தையல் மெஷின் முன்னால் கிடக்கும் முக்காலி ஒன்றுதான். அதுவும் போனால்?

கொழுந்தன் பெண்டாட்டி சின்னவள் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். இருவரும் சேர்ந்துதான் போர்வை தைத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் மூன்று மாதமாக எல்லாம் சின்னவள் வைத்ததுதான் சட்டம். "நேர்கோடெல்லாம் பழசுக்கா. இனிமே எல்லாம் அலை அலையாத்தான்" என்று ஒரே நாளில் மாதிரியை மாற்றினாள். அலையில் நடுக்கம் கரைந்துபோனது அக்காவின் அதிர்ஷ்டம்.

இப்போது புது மெஷின். அதையும் தன் படுக்கையறையில்தான் போடுவாளாம். "எங்க கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுக்கறோம்" என்றாள். போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால்? அதுவும் இது நின்றுகொண்டு தைக்கிற மெஷின். முக்காலிக்கே வேலை இல்லை!

எட்டடிச் சட்டத்தில் வெள்ளைத் துணியும் பஞ்சும் மத்தளம் மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே தண்டவாளத்தில் மெஷின். சைக்கிளுக்கு இருப்பதுபோல் இரண்டு கைப்பிடி. துணி அசையாது, கை போகிற பக்கம் மெஷின் போகும். கை நடுங்கினால் தையலும் நடுங்கும். பொய் சொல்லத் தெரியாத மெஷின்.

"உட்கார்ந்து தைக்கிற சின்ன மெஷின் ஏதும் இல்லையா?" என்றாள் அக்கா.

"அதுல இம்மாம்பெரிய போர்வையைச் சுருட்டிச் சுருட்டித் தள்ளணும். தோள்பட்டை கழண்டுடும்க்கா" என்றாள் சின்னவள்.

கடைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, நீங்க போன..."

"வளவளன்னு பேசாம ஊசியில நூலைக் கோர்த்துவிடுங்க."

அவர் கோர்த்தார். "பெரியம்மா, நீங்களே முதல்ல பிடிங்க."

கைப்பிடி அக்கா பக்கம் திரும்பியது. கைப்பையின் ஜிப்பில் தொங்கிய வளையம் கிணுகிணுவென்று ஆட ஆரம்பித்தது. அக்கா பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். நிற்கவில்லை. ஒரே ஒரு கோடு. அத்தனையும் வெட்டவெளிச்சம்.

"தள்ளுங்கக்கா, நான்தான் முதல்ல!"

தோளால் ஓர் இடி இடித்து, சின்னவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவங்கன்னு ஒரு மரியாதை வேண்டாம்?" என்று பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தவள் முணுமுணுத்தாள்.

சின்னவள் ஓட்டினாள். அடடா, அது ஒரு கோடு! பாம்பு குடித்துவிட்டு ஊர்ந்தால்கூட அதைவிட நேராகப் போகும்.

"மெஷின் சரியில்லை" என்றாள்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. கைதான்..."

"என் கையைக் குத்தம் சொல்றீங்களா? கை எப்படிப் போனாலும் கோடு நேராப் போகணும். அப்படி ஏதாவது இருக்கா, இல்லையா?"

"இருக்கே. இந்தச் சட்டத்துல ஒரு கொக்கி உண்டு. மாட்டினா சக்கரம் இறுகிக்கும். மெஷின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மட்டும்தான் ஓடும், முன்னே பின்னே அசையாது."

"அப்ப இதுதான் வேணும். கொக்கி இல்லாததை என் கண்ணுலயே காட்டாதீங்க. அக்கா, இப்ப நீங்க ஓட்டுங்க."

கடைக்காரர் கொக்கியை மாட்டினார். இனித் தப்பிக்க வழியில்லை. அக்கா பையைக் கீழே வைத்தாள். பிடித்தாள். கை நடுங்கியது. கோடு நடுங்கவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பழைய ஸ்கேல் அக்காவின் கோடு!

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா?

"பார்த்தியாடி? கைன்னா இப்படி இருக்கணும். உனக்கு இந்த ஜென்மத்துல நேர்கோடு வராது!"

கடையே சிரித்தது. சின்னவளும் சேர்ந்து சிரித்தாள்.

"எனக்கு எங்கக்கா வரும்? இதுலயும் நீங்கதான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு, சட்டத்தை ஏற்ற வண்டி கிடைக்குமா என்று பார்க்க வாசலுக்குப் போனாள்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு துணியை எடுத்து அக்கா முன்னால் விரித்தார்.

"போன வாரம் உங்ககூட வந்தவங்க தனியா வந்து ஓட்டினதும்மா. கொக்கி கிக்கி எதுவும் மாட்டலை."

ஆறு கோடுகள். இழுத்துக் கட்டிய நூல் மாதிரி. அவற்றுக்குக் கீழே இன்னும் ஆறு. ஒன்றைவிட ஒன்று கோணல்.

"இது?" என்றாள் அக்கா, கீழே இருந்தவற்றைக் காட்டி.

"அதுதான் எனக்கும் புரியலை. அவ்வளவு நேரா ஓட்டினவங்க, அப்புறம் ஒரு மணி நேரம் நின்னு கோணலா ஓட்டிப் பழகிட்டுப் போனாங்க!"