உள்ளறை ஆர்க்கிட்

இலைகள் இவ்வளவு கரும்பச்சையாகச் செழித்தும் ஆர்க்கிட் ஏன் ஒரு மொட்டுகூட விடவில்லை என்பது ஷரீபாவுக்கு விளங்கவேயில்லை. பினாங்கிலிருந்து கணவர் கடைசியாக வந்தபோது கொண்டுவந்த இரண்டு செடிகளில் ஒன்று அது; மற்றது அவர் தங்கை வீட்டுக்குப் போனது. திரும்பிப் போனவர் அங்கேயே மௌத்தாகிவிட்டார். கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடியும்வரை ஷரீபா முற்றத்துக்குக்கூட வருவதில்லை; செடியையும் தன்னோடு உள்ளறையில் தொங்கவிட்டிருக்கிறாள். ஓட்டு இடுக்கில் விழும் நூலளவு வெளிச்சத்தில் அதன் வேர்கள் தேங்காய் மட்டையைக் கவ்விக் கிடக்கின்றன. ஒவ்வோர் இலையாக ஈரத்துணியால் துடைக்கிறாள். அவர் சொன்ன அந்த ஊதாப் பூவை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அறை வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயும் நாத்தனார் நசீரா, "எங்க வீட்டுச் செடிய இப்படிச் சீராட்ட யாரு இருக்கா மச்சி? கிணத்தடி வெயில்ல வெளுத்து, கருவாடாட்டம் நிக்குது. அதுபோய்ப் பூத்திருக்கு பாருங்க! அண்ணன் இருந்தா..." என்கிறாள். ஷரீபாவின் கை இலைமேல் அப்படியே நிற்கிறது. வெளிச்சம் போதாத செடி, கிடைக்கும் கொஞ்சத்தையும் பிடித்துவைக்க இலையைக் கறுக்கவைக்கிறது. பூவுக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. கொக்கியிலிருந்து அதைக் கழற்றி, வாசல் நிலையைத் தாண்டி நீட்டுகிறாள். "கொண்டு போ நசீரா. இங்க இருட்டு. ஒரேயடியா வெயில்ல வைக்காதே, கருகிடும். மொதல்ல முருங்கை நிழல்ல மாட்டு."