மேஜருக்கு ஒரு லெட்டர்

"நெஞ்சு படபடன்னு அடிக்கும். ரெண்டு?" என்றார் வாசுதேவன், ஸ்டீயரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்சீட்டில் சஹானாவின் மடிமேல் தலையைப் போட்டுப் படுத்திருந்தது, சிவப்புக் கோட்டு மாட்டிய அவர்கள் வீட்டு நாய் மேஜர். அதன் வாயிலிருந்து நூல் நூலாக இறங்கிய எச்சில் சுடிதாரைத் தாண்டித் தொடை வரை நனைத்துவிட்டது. அந்த நாற்றத்துக்குக் காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு ஏறியது.

"அப்பா, இவன் வாயத் தொடைக்கணும்."

"மொதல்ல ரெண்டாவது பாயிண்டச் சொல்லு."

"மூச்சு முட்டும். மூணு, ராத்திரில தூக்கம் வராது. நாலு, கூட்டத்தப் பாத்தா பயம். அஞ்சு..." அவள் கையிலிருந்த தாளை விசிறிபோல் மடித்து எச்சிலை வழித்தாள். "அஞ்சு, மேஜர் பக்கத்துல இருந்தா எல்லாம் சரியாயிடும்."

"பிரமாதம். பப்ளிக் எக்ஸாமுக்குக்கூட நீ இப்படிப் படிச்சதில்ல."

படிக்கவே இல்லை. அப்பா சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுத் தந்த தாளை ஒருமுறை பார்த்ததோடு சரி, அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தாளால்தான் இப்போது எச்சிலை வழித்தாள். வழித்துவிட்டு மேஜரின் பக்கத்திலேயே போட்டாள்.

அடுத்த மாதம் குடும்பத்தோடு கனடா. மேஜர் இருபத்துமூன்று கிலோ புல்டாக். சப்பை மூக்கு நாய் மூச்சுத் திணறிச் செத்துப்போகும் என்று விமானத்தின் சரக்கு அறையில் ஏற்ற மாட்டார்கள். பயணிக்கு மனசு சரியில்லை, இந்த நாய்தான் துணை என்று மனநல டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஒரே ஒரு விமானக் கம்பெனி மட்டும் காலடியில் உட்காரவைத்துக் கூட்டிப்போகுமாம்.

அந்தப் பயணி யார் என்று பேச்சு வந்தபோது அப்பா யோசிக்கவே இல்லை. "எனக்கு மெண்டல்னு எழுதினா வேல போயிடும். அம்மாவுக்குப் பொய் வராது. நீதான் சின்னப் பொண்ணு, யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க."

கல்பாக்கத்தில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்றுதான் செங்கல்பட்டு வரை இந்தப் பயணம். திருக்கழுக்குன்றத்து மலை ஜன்னலில் பின்னால் போயிற்று.

"இதெல்லாம் நெஜமாவே யாருக்காவது வருமாப்பா?"

"வேலவெட்டி இல்லாதவங்களுக்கு வரும். நம்ம வீட்ல யாருக்கு வரப்போவுது?"

சிக்னலில் வண்டி நின்றதும் திரும்பி, மேஜரின் முக மடிப்புகளை ஈரத் துணியால் துடைத்தார். "ராத்திரி சரியாத் தூங்கலயாடா கண்ணா? கண்ணெல்லாம் செவந்து கெடக்கு."

சஹானா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிளினிக் வாசலில் டோக்கன் கொடுக்கும் ஜெபக்குமார் மறித்தான். "மாட்டாஸ்பத்திரி அந்தாண்ட கீது சார்."

"நாய்க்கு இல்லப்பா, பொண்ணுக்கு."

"அப்ப நாய் இன்னாத்துக்கு?"

"நாய்தான் மருந்து."

ஜெபக்குமார் தரையில் சொட்டியிருந்ததைப் பார்த்தான். "இந்த மருந்த யாரு சார் தொடைக்கறது?"

டாக்டர் சியாமளா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். சஹானா குனிந்தபடி சொன்னாள். ரெண்டரை மணிக்கு முழிப்பு வரும். ஃபேன் கடகடக்கிறதை விடியும்வரை எண்ணுவேன். கை ரெண்டும் ஜில்லென்று ஆகிவிடும். ஸ்கூலில் பிரேயர் மணி அடித்ததும் பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

அப்பாவின் தாளில் ஃபேனும் இல்லை, பாத்ரூமும் இல்லை. வாசுதேவனுக்குப் பெருமை தாங்கவில்லை. மேசைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மேஜரின் எச்சில் பளபளத்த அந்த விரலிலிருந்து அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"நாய் இருந்தா?" என்றார் டாக்டர்.

"சரியாயிடும்."

"சார், நாய வெளில கூட்டிட்டுப் போங்க. நீங்களும் வெளியவே இருங்க."

"லெட்டர், மேடம்..."

"பாக்கலாம்."

அப்பா இழுத்த இழுப்பில் மேஜர் முனகிக்கொண்டே எழுந்தது. எழுந்ததும் அதன் சிவப்புக் கோட்டின் வயிற்றுப் பட்டையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு தாள் சொத்தென்று தரையில் விழுந்தது. அப்பா கவனிக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

டாக்டர் அதை இரண்டு விரலால் நுனியில் பிடித்து எடுத்தார். மை கரைந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது.

சஹானாவுக்கு டாக்டர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று வழியெல்லாம் ஒரு பயம். கண்டுபிடிக்காமலே விட்டுவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"ஒண்ணு, படபடப்பு. ரெண்டு, மூச்சு. மூணு, தூக்கம். நாலு, கூட்டம். அஞ்சு, நாய்." டாக்டர் படித்து முடித்தார். "யாரு எழுதிக் குடுத்தது?"

"அப்பா."

"இந்த மாதிரி லெட்டருக்கு நெறைய பேரு வராங்கம்மா. புள்ளைங்கள இப்படிப் பழக்கிக் கூட்டிட்டு வர்றதப் பாத்தா எனக்கே அருவருப்பா இருக்கு." அவர் தாளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "உன்மேல கோவம் இல்ல. பயப்படாமச் சொல்லு. இந்த அஞ்சுல எதெல்லாம் பொய்?"

கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது. "பயப்படாதடா கண்ணா, அப்பா இருக்கேன்ல."

சஹானா கதவைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"அஞ்சாவது மட்டும்தான், டாக்டர்."