கதவு நம்பரும் விழணும்

“அவன் வந்துட்டான், அண்ணே. ஆடாம இருங்க” என்று சஃபீனா கதவோரம் ஒதுங்கினாள்.

மும்பை மான்குர்த் கழிமுகச் சேற்றில் நின்ற பட்டமரத்தில் விராலடிப்பான் பருந்து இறங்கியது. அதன் காலிடுக்கில் மீன் இன்னும் துள்ளியது.

இந்தப் பறவை இங்கேதான் தங்குகிறது என்று படத்தோடு மனு கொடுத்தால், குடிசைகள் மேல் வரப்போகும் ரோட்டை நிறுத்திவிடலாம் என்று குடிசைக்காரர்கள் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். மனுவுக்கு நாளை கடைசி நாள். இது சஃபீனா கட்டிய மூன்றாவது வீடு. நான்காவது கட்ட அவள் உடம்பில் தெம்பு இல்லை.

தாராவியில் கல்யாணப் படம் எடுக்கும் நெல்லையப்பன், பதினோரு நாளாக அவள் வாசலில் கேமராவோடு காத்திருந்தார்.

“எந்த மாப்பிள்ளையும் என்னை இம்புட்டு நாள் காக்க வச்சதில்ல” என்று முனகியபடி லென்ஸைத் திருகினார்.

“அண்ணே, என் கதவும் படத்துல விழணும். சர்வேக்காரன் எழுதுன நம்பரோட.”

“கதவு எதுக்கு தங்கச்சி? படம் அசிங்கமாயிரும்.”

“அதுதான் ப்ரூஃபு. போன தடவ ரேஷன் கார்டு, லைட் பில்லு அம்புட்டையும் காட்டுனேன். பாத்துட்டுத்தான் இடிச்சானுவ. இந்தப் பறவ என் வாசல்லதான் இருக்குன்னு கண்ணால பாக்கட்டும்.”

நெல்லையப்பன் பத்தடி பின்னால் போனார். கதவு, நம்பர், மரம், பறவை எல்லாம் ஒரே படத்தில் விழுந்தன.

இரண்டு மாதம் கழித்து வனத்துறை அதிகாரி கீதா வந்தார். மும்பை மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். தமிழிலேயே பேசினார்.

“ரோடு இந்தப் பக்கம் வரலைம்மா. உங்க படத்தைப் பார்த்துட்டுத்தான் மேலிடத்துல மாத்தினா.”

சஃபீனாவுக்குக் கண் நிறைந்தது.

“அல்லாஹ் ஒங்கள நல்லா வைக்கணும் மேடம். உக்காருங்க, சாயா போடுதேன்.”

கீதா உட்காரவில்லை.

“பறவைக்குன்னே இந்த இடத்தை ஒதுக்கியாச்சு. படத்தை வெச்சே எல்லையும் போட்டுட்டா. மரத்தைச் சுத்தி ஆள் நடமாட்டமே இருக்கப்படாதாம்.”

“நல்லதுதான மேடம். பாவம், அது நிம்மதியா இருக்கட்டும்.”

கீதா கதவு நம்பரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சாமானெல்லாம் எப்போ எடுப்பேள்?”