சரவெடிக்கு அசையாத குதிரை

"இறுக்கிப் பிடிங்க! அங்கிட்டுப் பிள்ளைங்க நிக்குது!" கயிற்றுத் தடுப்புக்கு வெளியே நின்று கத்தினாள் அருணா.

இறுக்கித்தான் பிடித்திருந்தான் அவள் கணவன் உதயசூரியன். ஆனால் அவன் குதிரை சுல்தான், அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாதி மைதானத்தைச் சுற்றிவிட்டது.

கந்தர்வக்கோட்டைக் குதிரைக் கண்காட்சியில் அன்று வெள்ளை நுக்ரா ஜாதிக் குதிரைகளுக்கான அழகுப் போட்டி. சவாரி கிடையாது. கயிற்றைப் பிடித்து நடத்தி வந்து நிறுத்த வேண்டும். நடுவர் காது முதல் குளம்பு வரை பார்த்து முடிக்கும்வரை குதிரை அசையக் கூடாது. இந்தத் தடவையும் சுல்தான் ஒழுங்காக நிற்காவிட்டால் விற்றுவிடுவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான் உதயசூரியன். குட்டியிலிருந்து அவன் கையால் தின்று வளர்ந்த குதிரை அது.

சுல்தானும் ஒருவழியாக வரிசைக்கு வந்து, நடுவர் பார்க்க ஆரம்பித்த நேரத்தில் சிறப்பு விருந்தினர் வந்து இறங்கினார். எந்தப் புண்ணியவானோ சரவெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டான். வரிசையில் நின்ற குதிரைகள் திசைக்கொன்றாகப் பறந்தன.

மணமேல்குடியிலிருந்து வந்திருந்த சல்மானின் குதிரை மட்டும் அந்தப் புகைக்கு நடுவே நின்ற இடத்திலேயே நின்றது. சல்மான் கையில் கயிறு தளர்ந்து கிடந்தது. போட்டோக்காரர்கள் மொய்த்ததும் அது கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டது. முதல் பரிசு யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

சுல்தானை வேப்பமரத்தில் கட்டிவிட்டு வந்தான் உதயசூரியன். தோற்ற துக்கத்தையும் மீறி அவனுக்கு வாய் ஓயவில்லை.

"என்னா கம்பீரம் அருணா! குதிரைன்னா இதுதான் குதிரை! இப்பிடி ஒண்ணை என் ஜென்மத்துல பாத்ததில்ல."

அருணா சல்மானையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உதயசூரியன் நேரே சல்மானிடம் போனான். "தம்பி, இதை யாருகிட்ட விட்டுப் பழக்குனீங்க? இன்னிக்குச் சாயங்காலம் என் குதிரையை வாங்க ஆள் பாக்கணும். விக்கவே மனசு வரல."

சல்மான் சிரித்தான். "பழக்குறதுக்குன்னு தனியா ஆளெல்லாம் இல்லண்ணே. இது மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போற குதிரை. மேளம், வெடி, கேமரா லைட்டு எல்லாம் இதுக்குத் தெனப்படி சோறு மாதிரி. நீங்க விக்காதீங்க. அடுத்த வாரம் அறந்தாங்கியில ஒரு ஊர்வலம் இருக்கு. சும்மா இதுகூடவே நடத்திக் கூட்டிட்டு வாங்க. பாத்துப் பாத்துப் பழகிரும்."

உதயசூரியனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவிடம் கொஞ்ச நாள் தவணை கேட்டுக்கொள்ளலாம். வெள்ளைக் குதிரையின் கழுத்தை ஆசை தீரத் தடவிக் கொடுத்தான்.

"எவன் குடுத்து வச்சவனோ! இதுமேல ஏறி ராஜா மாதிரி கல்யாணத்துக்குப் போயிருக்கான்."

அருணாவால் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது நீங்கதாங்க. அன்னிக்கு மண்டபம் வந்து சேர்ற வரைக்கும் நீங்க பயத்துல கண்ணையே தெறக்கல, நான் மாடியில நின்னு மாப்பிள்ளையை விட்டுட்டு இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்!"