அவர் உயரத்துக்கு ஓர் ஆணி

“இன்னும் கொஞ்சம் மேல,” என்றாள்.

முக்காலியில் நின்றிருந்த கணவன் ஆணியை ஒரு சாண் மேலே தள்ளிப் பிடித்தான். “இவ்வளவு ஒசரத்துல யாருக்கு எட்டும்?”

“எட்டுறவங்களுக்கு எட்டும். அடிங்க.”

முந்தின நாள்தான் கடைசிப் பூச்சை முடித்திருந்த பெயிண்டர், வாசலிலேயே நெஞ்சில் கைவைத்து நின்றுவிட்டார். “ஓனரே ஆணி அடிச்சு நான் பார்த்ததில்லைக்கா. என் மேல ஏதும் கோவமா?”

“கோவமா? நீங்க பூசின அழகுலதான் அண்ணே ஆணியே எடுப்பா தெரியுது.”

அவர்கள் வாங்கிய முதல் வீடு அது. கீழே இவர்கள், மாடி வாடகைக்கு. ஒழுகிய குழாய்களை மாற்றி, ஈரம் ஏறிய சுவரைக் கொத்திப் பூசி, இறுகிப்போன ஜன்னல்களைத் திறக்க வைத்திருந்தார்கள்.

முதல் ஆள் இன்று பார்க்க வருகிறார். பெரியவர், பார்த்த வீட்டையெல்லாம் தட்டிக் கழிக்கிறவர் என்று புரோக்கர் போனிலேயே எச்சரித்திருந்தார். இன்னொரு விஷயமும் சொல்லியிருந்தார். அதை அவள் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

அவருக்கு இந்த வீடு பிடித்தே ஆக வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முன்பு குடியிருந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. கல்யாண போட்டோ ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்திருந்தது. கடிகாரம் அலமாரியில் மல்லாந்து கிடந்தது. மணி பார்க்க, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிய வேண்டும். வீட்டுக்காரர் வரும்போதெல்லாம், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

இங்கே, இந்த மாடியில், அடுப்புக்கு மேலே, ஜன்னலுக்குப் பக்கத்தில், கதவுக்குப் பின்னால், எங்கும் ஆணிகள்.

படியில் காலடிச் சத்தம்.

புரோக்கருக்குப் பின்னால், நிலையில் தலை இடிக்காமல் குனிந்து அவர் உள்ளே வந்தார். நெடுநெடுவென்ற உயரம். தோளில் ஒரு பை.

கணவன் முக்காலியிலிருந்து குதித்துச் சுத்தியலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சொந்த வீட்டில், சொந்தச் சுத்தியலை.

“வாங்க, ஹவுஸ் ஓனர்,” என்றாள் அவள். பழகிய வாய்.

“நீங்களா?” பெரியவர் திகைத்துப் போனார். “என் வீட்டை இடிச்சுக் கட்டுறோம்மா. அது முடியற வரைக்கும்தான்...”

பேசிக்கொண்டே அவர் கை சுவரைத் தடவியது. விரல் ஆணியில் முட்டி நின்றது.

பெயிண்டர் மறுபடி நெஞ்சில் கைவைத்தார்.

“யார் அடிச்சது?” அதே பழைய குரல்.

“நான்தான் அடிக்கச் சொன்னேன். உங்க ஒசரத்துக்கு.”

அவர் அவளைப் பார்த்தார். அடுப்புக்கு மேலே பார்த்தார், ஜன்னலோரம் பார்த்தார். ஆணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பிறகு தோள்பையைக் கழற்றி அதில் மாட்டினார்.

“இந்தப் பக்கம் இன்னொண்ணு வேணும்மா,” என்றார், யாரையும் பார்க்காமல். “கடிகாரத்துக்கு.”

கணவனின் முதுகுக்குப் பின்னாலிருந்து சுத்தியல் மெல்ல வெளியே வந்தது.