அண்ணன் கேட்டுச் சொன்ன வண்டி

பரணி இன்ஜினை நிறுத்தவில்லை. ஓடவிட்டபடியே காரை அண்ணனின் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினான்.

டொக், டொக், டொக்.

தகரக் கூரையில் பட்டு அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்கட்டும் என்றுதான் வந்திருந்தான். பேகம்பூரே கேட்கட்டும்.

இரண்டே கதவு, தரையோடு படுத்துக் கிடக்கிற மாதிரி உடம்பு, வெயிலில் கொஞ்சம் வெளுத்துப்போன மஞ்சள். பழைய ஸ்போர்ட்ஸ் கார். பள்ளிக்கூடம் போகிற வயதில் கொடைக்கானல் ரோட்டில் இப்படி ஒன்று அவனைக் கடந்து போனது. அன்றைக்குப் பிடித்த ஆசை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை போட்டு, கேரளாவுக்கு லோடு அனுப்பி, நாலு பேர் வணக்கம் சொல்லும் நிலைக்கு வந்த பிறகும் அது விடவில்லை.

கோயம்புத்தூரில் ஒன்று விலைக்கு வந்தபோது, மனைவி தமிழ்மதியின் பேரில் கிடந்த மனையை விற்கச் சொல்லிக் கெஞ்சினான். அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"உங்க அண்ணன் வந்து கேட்டுச் சொல்லட்டும். அவரு சரின்னா எனக்கும் சரி."

அண்ணன் சுருளிவேலின் காதுக்கு அப்படி ஒரு பேர். லாரி தெருமுனை திரும்பும்போதே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். அப்பா போன பிறகு பரணியைப் படிக்க வைத்து, கடை வைத்துக்கொடுத்து, கல்யாணம் முடித்து வைத்தது எல்லாம் அந்தக் காதின் சம்பாத்தியம்தான்.

மதினி கௌசல்யாவையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்தார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் மூச்சுக்கூட விடவில்லை.

அடியில் லேசாக ஏதோ தட்டுகிற மாதிரி பரணிக்கே கேட்டது. ஆனால் அண்ணன் கண்ணைத் திறந்து, "எடுத்துக்கப்பு" என்றார். அதற்குப் பிறகு பரணிக்கு அது கேட்கவில்லை.

போன வாரம் மொத்தமாகக் கேட்டது. ஒட்டன்சத்திரம் மெக்கானிக் பவுல்ராஜ் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார்.

"உள்ள பேரிங் தேஞ்சு ரொம்ப நாளாச்சுங்க. வாங்கறப்பவே இது நல்லா அடிச்சிருக்குமே. ஆருங்க பாத்துச் சொன்னது?"

அண்ணன் என்று சொல்ல பரணிக்கு வாய் வரவில்லை.

"ஆரா இருந்தாலும் வித்தவங்ககிட்ட கை நீட்டியிருக்காருங்க" என்றார் பவுல்ராஜ்.

அந்தப் பேச்சு உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. கார் விற்றவன் அன்றைக்கு அண்ணனைத் தனியாக ஓரங்கட்டி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் மறுபேச்சே இல்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு எப்போது போன் போட்டாலும் மதினிதான் எடுக்கிறார். "அவரு வண்டிக்கு அடியில கெடக்காரு, எங்கிட்டச் சொல்லுங்க தம்பி."

வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பான். தமிழ்மதியின் முகத்தைப் பார்த்து எதைச் சொல்வது?

பட்டறையில் ஒரு லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணே!"

கால்கள் அசையவில்லை.

"யோவ் அண்ணே! வெளிய வா!"

வாழ்நாளில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. டீக்கடையில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். கால்கள் அப்படியே கிடந்தன. மூஞ்சியைக் காட்ட வெட்கமாக இருக்கும் என்று நினைத்தான் பரணி.

உள்ளேயிருந்து மதினி ஓடிவந்தார். அவனைப் பார்த்தார், உறுமிக்கொண்டு நின்ற காரைப் பார்த்தார். குனிந்து புருஷனின் காலைத் தொட்டார்.

சுருளிவேல் நகர்ந்து வெளியே வந்தார். தம்பியைக் கண்டதும் கிரீஸ் அப்பிய முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஏலே, எப்ப வந்த? சாப்டியா?"

"எம்புட்டு வாங்குன அவன்கிட்ட?" என்றான் பரணி. "சொல்லு. உன் தம்பிய விக்க எம்புட்டு வாங்குன?"

சுருளிவேல் அவனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல வாடியது. கோபம் மட்டும்தான் அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது. பார்வை அவனைத் தாண்டி மஞ்சள் காருக்குப் போய்த் திரும்பியது.

"என்னப்பு, வண்டி எதுவும் மக்கர் பண்ணுதா?"

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நாலு எட்டுத் தள்ளி நின்றபடியே, பெரிய மனுஷத் தோரணையில் காரை நோக்கிக் கையை ஆட்டினார்.

"சும்மா நிப்பாட்டி வச்சுக்கிட்டு நின்னா எப்பிடி? ஸ்டார்ட் பண்ணு. கேட்டாத்தான தெரியும்."

டொக், டொக், டொக்.

பரணி மதினியைப் பார்த்தான்.

புருஷனின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த கௌசல்யா இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார். அழவில்லை. வேண்டாம் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார்.

டீக்கடையே பார்த்துக்கொண்டிருந்தது.

பரணி கார் ஜன்னல் வழியாகக் குனிந்து, முதுகால் மறைத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தினான்.

பிறகு கதவை அகலத் திறந்து, அண்ணன் பார்க்கும்படியாகச் சாவியைத் திருப்பினான்.